வீடு நம்முடையது, தரை அவருடையது

(சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் செப்பனிடப்பட்டுள்ளது.)

குடியிருப்பு உரிமை பற்றிப் பேசச் சொன்னீர்கள். வாடகைச் சட்டத்தையோ பட்டா விவகாரத்தையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அமெரிக்காவுக்குப் போகிறேன். கடைசியில் சென்னைக்குத் திரும்பி வருவேன். அதற்குக் காரணம் உண்டு.

அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர், தொழிற்சாலையில் செய்து சாலை வழியே இழுத்துக்கொண்டு வந்த வீடுகளில் வாழ்கிறார்கள். மொபைல் ஹோம் என்பது மக்கள் வாயில் வழங்கும் பெயர். ஓய்வுபெற்றவர்கள், ஓட்டல் தொழிலாளிகள், கட்டட வேலைக்காரர்கள், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். சிலருக்குச் சொந்த நிலம் உண்டு. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது இல்லை. அவர்கள் 'பார்க்' என்று சொல்லப்படும் தனியார் நிலத்தில் ஒரு மனையை வாடகைக்கு எடுத்து, அதன்மேல் தங்கள் வீட்டை வைத்துக்கொள்கிறார்கள். வீடு இவருடையது, தரை பார்க் முதலாளியுடையது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறக்கும் வழக்குகளைப் பற்றித்தான் இன்று பேச்சு.

அந்த வீடு எப்படி நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இரும்புச் சட்டத்தின்மேல் கட்டிய வீடு அது. லாரி இழுத்து வந்து மனையில் விட்டதும் சக்கரங்களையும் இழுவைக் கொக்கியையும் கழற்றிவிடுவார்கள். கான்கிரீட் கற்களை அடுக்கி அதன்மேல் வீட்டை இறக்குவார்கள். புயலில் புரண்டுவிடாமல், தரைக்குள் இறக்கிய இரும்பு நங்கூரங்களோடு பட்டை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அடியில் தெரியும் இடைவெளியைத் தகடு வைத்து மூடுவார்கள். தண்ணீர், கழிவுநீர், மின்சார இணைப்புகள் வரும். வீட்டுக்காரர் தன் செலவில் வாசலில் ஒரு மரத்திண்ணை போடுவார், கார் நிறுத்த ஒரு கூரை போடுவார், ரோஜாச்செடி நடுவார். பத்து வருடம் கழித்து அதைக் கிளப்பிக்கொண்டு போ என்றால் எங்கே போவது? சிறிய வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கவே 5,000 டாலர் ஆகும். இரண்டு பகுதியாக வந்து இணைத்த பெரிய வீடென்றால் 10,000 டாலரைத் தாண்டும். திண்ணையும் கூரையும் கூட வராது. மத்திய அரசின் கட்டுமானத் தர விதிகள் 1976 ஜூன் 15-ல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் செய்த வீட்டைப் பல பார்க்குகள் உள்ளேயே சேர்ப்பதில்லை. சேர்க்கும் பார்க்கில் மனை காலியாக இருப்பதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1992-ல் ஒரு தீர்ப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறது: ஒரு முறை நிலைநிறுத்திய மொபைல் ஹோம்களில் நூற்றுக்கு ஒன்றுதான் அதன்பின் இடம் மாறுகிறது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சாதாரண வாடகைக் குடித்தனக்காரருக்கு வாடகை கட்டுப்படியாகாவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். ஒப்பந்தச் சட்டம் முழுவதும் 'பிடிக்காவிட்டால் போய்விடலாம்' என்ற அனுமானத்தின்மேல்தான் நிற்கிறது. பார்க்கில் இருப்பவர் விஷயத்தில் அந்த அனுமானமே பொய். அவர் போனால் வீட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். பார்க்குகளை வாங்கி நடத்துவது எப்படி என்று அமெரிக்காவில் வகுப்பு எடுக்கிற ஃபிராங்க் ரோல்ஃப் என்ற முதலீட்டாளர் இதை வெளிப்படையாகச் சொன்னார். வாடிக்கையாளர்களை இருக்கையோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்த ஓட்டலை நடத்துவது போன்ற தொழில் இது என்றார். முதலீடு செய்ய வருபவர்களுக்கு அவர் சொன்ன ஆறுதல் அது. எனக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

இப்போது தரைவாடகைக் கணக்கைப் பாருங்கள். நான் சொல்லும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நூறு மனை உள்ள ஒரு பார்க். மாத வாடகை 600 டாலர். புதிய முதலாளி வாங்கி 700 ஆக்குகிறார். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,200 டாலர் கூடுதல் செலவு. விஷயம் அதோடு நிற்பதில்லை. அந்தக் குடும்பம் வீட்டை விற்க நினைத்தால், வாங்க வருபவர் இந்தக் கூடுதல் வாடகையை யோசிக்காமல் இருப்பாரா? பத்து வருடக் கணக்குப் போட்டாலே 12,000 டாலரை விலையில் குறைத்துக் கேட்பார். மறுபக்கம், பார்க் முதலாளிக்கு வருமானம் வருடத்துக்கு 1,20,000 டாலர் கூடுகிறது. இம்மாதிரிச் சொத்துகளை வருமானத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள். ஆறு சதவீத வருவாய் எதிர்பார்க்கும் ஒருவர் அந்தப் பார்க்குக்கு 20 லட்சம் டாலர் அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பார். ஒரு செங்கல் வைக்கவில்லை, ஒரு குழாயை மாற்றவில்லை. நூறு வீடுகளின் மதிப்பிலிருந்து கசிந்தது தரையின் மதிப்பாக ஊறிவிட்டது. வாடகை உயர்வு வழக்கு என்று நாம் சொல்வது உண்மையில் சொத்துப் பறிப்பு வழக்கு. இதைப் புரிந்துகொள்ளாத வக்கீல் இந்த வழக்கை நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

முதலாளிகள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சிறு குடும்பங்கள் நடத்தும் பார்க்குகள் ஏராளம். அவர்களுக்கும் சொத்து வரி ஏறுகிறது, ஐம்பது வருடப் பழைய கழிவுநீர்க் குழாய் வெடிக்கிறது. நியாயமான உயர்வு தேவைதான். நியாயம் எது என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டை.

சட்டம் என்ன செய்திருக்கிறது? அமெரிக்காவில் இது பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. கலிபோர்னியா 1978-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி பார்க்கிலிருந்து ஒருவரை வெளியேற்ற ஏழு காரணங்கள் மட்டுமே செல்லும்: உள்ளூர்ச் சட்டத்தை மீறுவது, அண்டை அயலாருக்குப் பெரும் தொல்லை தருவது, பார்க்குக்குள் குறிப்பிட்ட சில குற்றங்கள் செய்து தண்டனை பெறுவது, நியாயமான பார்க் விதியை மீறுவது, வாடகை பாக்கி, பார்க்கை அரசு கையகப்படுத்துவது, நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது. 'எனக்கு இந்த மனை வேண்டும், காலி செய்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வாடகை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குடியிருப்போர் சம்மதம் இல்லாமல் புது விதி போட்டால் ஆறு மாத அவகாசம் தர வேண்டும். விழுந்துவிடும் நிலையில் உள்ள மரம் மனைக்குள் நின்றாலும் அதை வெட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது. மரம் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். பார்க் வழக்குகளில் மரமும் வடிகாலும் தண்ணீர்க் கட்டணமும்தான் நித்தியச் சண்டை.

இவற்றில் முக்கியமானது வீட்டை இருந்த இடத்திலேயே விற்கும் உரிமை. வீடு கைமாறியதும் 'அதைத் தூக்கிக்கொண்டு போ' என்று முதலாளி சொல்ல முடியுமானால், வீட்டின் விலை பழைய இரும்பு விலைதான். வாங்க வருபவரை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பது, கடைசியில் அந்த வீட்டைத் தாமே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வது என்ற தந்திரம் பல இடங்களில் நடந்திருக்கிறது. பிரிட்டனிலும் இதே கொடுமை நடந்தது. அங்கே நாடாளுமன்றக் குழு ஒன்று 2012-ல் விசாரித்து அறிக்கை தந்தது. 2013-ல் வந்த சட்டம், விற்பனையைத் தடுக்கப் பார்க் முதலாளிகளுக்கு இருந்த பிடியைத் தளர்த்தியது.

இனி அந்த 1992 தீர்ப்பு. கலிபோர்னியாவில் எஸ்கோண்டிடோ என்ற ஊர். 1988-ல் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில் ஒரு விதியை நிறைவேற்றினார்கள். பார்க் வாடகை 1986 அளவுக்குத் திரும்ப வேண்டும், நகர்மன்றம் ஒப்புக்கொள்ளாமல் உயர்த்தக் கூடாது. அங்கே இரண்டு பார்க் வைத்திருந்த யீ தம்பதி வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வாடகையை அரசு அடக்கி வைக்கிறது, குடியிருப்பவரை வெளியேற்றவும் விடுவதில்லை. அவர் வீட்டை விற்கும்போது, குறைந்த தரைவாடகையின் பலனையும் சேர்த்து விலை வைத்து விற்றுவிட்டுப் போகிறார். எங்கள் நிலத்தின் ஒரு பங்கை அரசு பிடுங்கி அவரிடம் கொடுத்ததாகத்தானே அர்த்தம், இழப்பீடு எங்கே என்று கேட்டார்கள்.

நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நிலத்தை வாடகைக்கு விடும்படி யாரும் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை, அவரே விரும்பி உள்ளே அழைத்தார். அழைத்த பிறகு அந்த உறவை அரசு ஒழுங்குபடுத்துவது, நிலத்தை ஆக்கிரமிப்பது ஆகாது என்றது நீதிமன்றம். வேறு கோணத்தில் இழப்பீடு கேட்க முடியுமா என்ற கேள்வியைத் தீர்மானிக்காமல் விட்டுவிட்டது. ஆனாலும் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவர நினைத்த ஊர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய தெம்பு. யீ தம்பதியின் வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. தரைக்கும் வீட்டுக்கும் இருவேறு சொந்தக்காரர்கள் இருக்கும்வரை, ஒருவர் மதிப்பு மற்றவர் பக்கம் சாய்ந்துகொண்டேதான் இருக்கும். எந்தப் பக்கம் சாயலாம் என்று சட்டம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போக்கிடம் இல்லாதவர் பக்கம் சாய்வதே நியாயம்.

இவ்வளவு உரிமைகள் இருந்தும் மக்கள் ஏன் தோற்கிறார்கள்? உரிமை கிடைக்க வழக்குப் போட வேண்டும். எழுபது வயது விதவை, மாதம் 30 டாலர் அநியாயத் தண்ணீர்க் கட்டணத்துக்காக வக்கீல் வைப்பாரா? வக்கீல் கட்டணம் முதல் வாரத்திலேயே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். எதிர்த்தரப்பில் பல மாநிலங்களில் பார்க்குகள் வைத்திருக்கும் நிறுவனம், அதற்கென்றே நிரந்தர வக்கீல்கள். புகார் கொடுத்தால் மறுவாரமே திண்ணை அகலம் விதிப்படி இல்லை என்று நோட்டீஸ் வரும். அவர் பயந்து பேசாமல் இருந்துவிடுவார். ஏட்டில் இருக்கும் சட்டம் ஏட்டிலேயே இருக்கும்.

கொலராடோ மாநிலத்தில் பார்க் சட்டம் 1985 முதல் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அதை அமல்படுத்த ஓர் அதிகாரிகூட கிடையாது. வெளியேற்ற உத்தரவு வந்துவிட்டால் வீட்டை விற்கவோ அகற்றவோ கொடுத்த அவகாசம் 48 மணி நேரம். கான்கிரீட் கல்லின்மேல் நங்கூரம் போட்டு நிற்கும் வீட்டை இரண்டு நாளில் யாரால் அகற்ற முடியும்? 2019-ல்தான் இது மாறியது. அவகாசம் 30 நாளானது. அதைவிடப் பெரிய மாற்றம், மாநில வீட்டுவசதித் துறையில் ஒரு புகார் விசாரணை அமைப்பு ஏற்பட்டது. கட்டணம் இல்லாமல் புகார் தரலாம். அதிகாரிகள் விசாரிப்பார்கள், ஆவணங்களை வரவழைப்பார்கள், மீறலைத் திருத்தச் சொல்லி உத்தரவிடுவார்கள், அபராதம் விதிப்பார்கள். இதற்கான பணம் ஒவ்வொரு மனைக்கும் பார்க் முதலாளி வருடந்தோறும் கட்டும் 24 டாலர் பதிவுக் கட்டணத்திலிருந்து வந்தது. அடுத்த வருடம் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. ஒருவர் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்த 120 நாளுக்குள் முதலாளி அவர்மேல் நடவடிக்கை எடுத்தால், அது பழிவாங்கல் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

மாணவர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையின் அளவு என்ன என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கோர்ட்டுப் படி ஏறும் பாரம் யார் தலையில் இருக்கிறது என்று கேளுங்கள். கலிபோர்னியாவிடம் நாற்பது வருடப் பழைய நல்ல சட்டம் இருந்தது. அங்கேயும் புகார்களை அரசே வாங்கிப் பரிசீலிக்கும் ஏற்பாடு 2020-ல்தான் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் அரசு தலைமை வழக்கறிஞர் அலுவலகமே 2007 முதல் இந்தத் தகராறுகளை விசாரிக்கிறது.

வாடகைக்கு உச்சவரம்பு வேறு கதை. கொலராடோவில் 2022-ல் ஒரு வரம்பு மசோதாவில் இருந்தது. ஆளுநர் ஒப்புதல் தர மாட்டார் என்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். வாஷிங்டன் 2025-ல் வருடத்துக்கு 5 சதவீதம் என்று வரம்பு கட்டியது.

இதற்கெல்லாம் ஒரு படி மேலே போகும் தீர்வு, தரையையே குடியிருப்போர் வாங்கிக்கொள்வது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெரிடித் என்ற சிற்றூரில் 1984-ல் சில குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, ஒரு சமூகக் கடன் நிதியின் உதவியோடு தங்கள் பார்க்கை வாங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 2008-ல் ராக் யுஎஸ்ஏ என்ற அமைப்பு உருவானது. இன்று 300-க்கும் மேற்பட்ட பார்க்குகள் இப்படிக் குடியிருப்போர் கையில் இருக்கின்றன. வாடகையை அவர்களே பொதுக்குழுவில் நிர்ணயிக்கிறார்கள். குழாய் வெடித்தால் செலவும் அவர்களுடையதுதான், அதனால் கணக்குப் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள்.

ஆனால் வாங்குவதற்கு விற்பனை நடக்கப்போவது முன்கூட்டியே தெரிய வேண்டும். கொலராடோ சட்டம் இப்போது 120 நாள் அவகாசம் தருகிறது. முதலாளி குடியிருப்போரோடு நல்லெண்ணத்தோடு பேரம் பேச வேண்டும். ஃபுளோரிடா சட்டத்தைப் படித்தால் அங்கும் அப்படி ஓர் உரிமை இருப்பதாகத் தோன்றும். பார்க்கை விற்பனைக்கு அறிவித்தால் குடியிருப்போர் சங்கத்துக்கு முதலில் சொல்ல வேண்டும், 45 நாள் தர வேண்டும். அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். முதலாளி அறிவிக்காமலே யாராவது தானாக வந்து விலை கேட்டால், சங்கத்துக்குத் தகவல் சொன்னால் போதும். சங்கத்துக்கு விற்க வேண்டியதில்லை, வந்தவரோடு பேசுவதை நிறுத்தவும் வேண்டியதில்லை. பெரிய முதலீட்டாளர்கள் பார்க் முதலாளிகளைத் தாங்களாகவே தேடிப் போய்க் கேட்பது சர்வ சாதாரணம். முதல் உட்பிரிவு கொடுத்ததை இரண்டாவது திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு சட்டத்தைப் படிக்கும்போது விதிவிலக்கை இரண்டு முறை படியுங்கள்.

சென்னைக்கு வருகிறேன் என்று சொன்னேன். வீடு ஒருவருடையது, தரை வேறொருவருடையது என்ற சிக்கலை நம் ஊர் நூறு வருடத்துக்கு முன்பே சந்தித்தது. சிவில் கோர்ட்டில் அடிமனை வழக்கு பார்த்தவர்களுக்கு இது தெரியும். சென்னை மாநகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டம், 1921. அதன் முகவுரை என்ன சொல்கிறது? நியாயமான வாடகை கொடுக்கும்வரை வெளியேற்ற மாட்டார்கள் என்று நம்பிப் பிறர் நிலத்தில் கட்டடம் கட்டியவர்களுக்குப் பாதுகாப்புத் தேவை என்கிறது. அந்த நம்பிக்கையைச் சட்டம் சொத்தைப் போல மதித்தது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அதற்கும் மேலே, ஒன்பதாம் பிரிவின்படி, வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு நிலத்தைத் தனக்கே விற்கும்படி உத்தரவிடக் குடியிருப்பவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். உத்தரவுக்கு முந்தைய மூன்று வருடச் சந்தை மதிப்பின் சராசரிதான் விலை. நான் சொன்ன கொலராடோவும் ஃபுளோரிடாவும் முன்கூட்டித் தகவல், பேரம் பேசும் வாய்ப்பு என்ற எல்லையில்தான் இன்றும் நிற்கின்றன. நம் சட்டம் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம் என்றது. கிராமத்தில் மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு 1971-ன் குடியிருப்புச் சட்டம் மனையையே சொந்தமாக்கியது.

நம் 1921 சட்டத்திலும் விதிவிலக்குகள் உண்டு. 1996-ல் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களை அதன் வரம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயில் சொத்தைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் மதிக்கத்தக்கதே. மூன்று தலைமுறையாகக் கோயில் மனையில் வீடு கட்டி வாழும் குடும்பத்தின் நிலையும் யோசிக்க வேண்டியதே. வாடகையை நியாயமாக நிர்ணயித்து, ஒழுங்காகக் கட்டுபவரை வெளியேற்றாமல் இருந்தால் இரண்டையும் காக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் ஏற்பட்ட குத்தகைகளுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னும் சில வருடங்களில் நீங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவீர்கள். அடிமனையில் வீடு கட்டிய ஒருவர் காலி செய்யச் சொல்லும் வழக்கின் கட்டோடு உங்களைத் தேடி வந்தால், கட்டணம் பேசுவதற்கு முன் சம்மன் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேளுங்கள். ஒன்பதாம் பிரிவு மனுவுக்குச் சட்டம் தரும் கெடு, சம்மன் கைக்குக் கிடைத்து ஒரு மாதம்தான்.